அறுபதுக்கு மேல் படிக்க எங்கே போகலாம்? மதுரையில் இருக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

வீட்டில் அறுபதைத் தாண்டிய அம்மாவோ அப்பாவோ மாமியாரோ இருக்கிறார்கள். காலையில் பேப்பர், மதியம் தூக்கம், சாயங்காலம் சீரியல் என்று நாள் போகிறது. 'ஏதாவது ஒரு வகுப்புல சேர்த்துவிட்டா நல்லா இருக்குமே' என்று பிள்ளைகளுக்குத் தோன்றுகிறது. தெருவின் குடியிருப்போர் சங்கத்துக்கோ கிராமத்து மகளிர் குழுவுக்கோ இந்த எண்ணம் வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: எதில் சேர்ப்பது?

மதுரையில் வழிகளுக்குக் குறைவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடக்கும் எழுத்தறிவு மையம், புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், கோயில்களில் திருமுறை வகுப்பு, ஒத்தக்கடையில் வேளாண் பயிற்சி, அஞ்சல்வழிப் பட்டப்படிப்பு, இவை போக நாமே தெருவில் தொடங்கக்கூடிய செல்போன் வகுப்பு. எல்லாமே நல்லவைதான். ஆனால் எல்லாம் எல்லாருக்கும் பொருந்தாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த இடத்தில் பாடம் சிறப்பாக இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பெரியவர்கள் இரண்டாம் வாரமே நின்றுவிடுவார்கள். நடந்து போகிற தூரத்தில் இருக்கிறதா, பக்கத்தில் உட்காரத் தெரிந்த ஆள் உண்டா, முதல் வாரத்திலேயே கைக்கு ஏதாவது கிடைக்கிறதா, இந்த மூன்றையும்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஊர் எழுத்தறிவு மையமும், ஓரளவு படித்தவருக்குத் தெருவிலேயே கூடும் சின்ன செல்போன் வகுப்பும் முதலில் வருகின்றன. பெரிய நூலகமும் பட்டப்படிப்பும் அதற்கு அப்புறம்தான்.

"இந்த வயசுல படிச்சு நான் என்ன கலெக்டராவா ஆகப் போறேன்?" இந்தப் பதிலைக் கேட்காத வீடு நம் பக்கம் அதிகம் இருக்காது. இதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பல நேரம் இதற்குப் பின்னால் உடம்பு இருக்கிறது. நாற்பதைத் தாண்டியதும் வெள்ளெழுத்து வருகிறது. அறுபதில் கண்புரையும் சேர்ந்துகொள்கிறது. எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று நாலு பேர் முன்னால் சொல்லக் கூச்சப்பட்டு, 'எனக்கு அதெல்லாம் பிடிக்காது' என்று முடித்துவிடுகிறார்கள். ஆகவே எந்த வகுப்பில் சேர்ப்பதாக இருந்தாலும் முதல் வேலை கண் பரிசோதனை. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நம் ஊரிலேயே இருக்கிறது. சுற்று வட்டாரக் கிராமங்களில் முகாமும் போடுகிறார்கள். சரியான கண்ணாடி இல்லாமல் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு 'ஆர்வம் இல்லை' என்று எழுதிவைப்பது பெரியவர்களுக்குச் செய்கிற அநியாயம். காது மந்தமானவர் என்றால் சொல்லிக்கொடுப்பவருக்கு எதிரில் உட்கார இடம் வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு நாற்காலி வேண்டும். தரையில் ஜமுக்காளம் விரித்துத்தான் வகுப்பு என்றால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

எழுத்தறிவு மையத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மத்திய அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் 2027 வரைக்குமானது. 15 வயதுக்கு மேற்பட்ட, எழுதப் படிக்கத் தெரியாத யாரும் சேரலாம். மேல் வயது வரம்பு கிடையாது, கட்டணமும் கிடையாது. தமிழ்நாட்டில் பள்ளிசாரா மற்றும் வயதுவந்தோர் கல்வி இயக்ககம் இதை நடத்துகிறது. பெரும்பாலும் அரசுப் பள்ளிக் கட்டடத்திலேயே வகுப்பு. சொல்லிக்கொடுப்பவர் அந்த ஊர்த் தன்னார்வலர். முடிவில் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் தலா 50 வீதம் 150 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு, அப்புறம் சான்றிதழ்.

இதன் பெரிய பலம் ஊருக்குள்ளேயே இருப்பது. பஸ் ஏற வேண்டாம், யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். இன்னொரு பலம், பலன் சீக்கிரம் கண்ணில் படுவது. முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. அதை வாங்கப் போகிற இடத்தில் இத்தனை வருஷமாகக் கைநாட்டு வைத்தவர் தன் பெயரைத் தானே எழுதினால், அன்றைக்கு அந்த வீட்டில் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். பஸ் போர்டில் மாட்டுத்தாவணியா ஆரப்பாளையமா என்று யாரையும் கேட்காமல் ஏறுவது அடுத்தது. மாத்திரை அட்டையில் தேதி பார்ப்பது அதற்கும் அடுத்தது. எந்தக் கல்வித் திட்டமும் ஒரு பெரியவருக்கு இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு கொடுக்காது.

பலவீனங்களும் உண்டு. சொல்லிக்கொடுக்க வருகிறவர் சின்ன வயதுக்காரராக இருந்தால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் அ, ஆவில் தொடங்கி வரிசையாகப் போய்விடுகிறார். எழுபது வயதில் ஒரு குடும்பத்தையே கட்டி நிறுத்தியவரிடம் அப்படிப் பேசினால் மனசு சுருங்கிவிடும். அவருடைய பெயர், பேரன் பெயர், ஊர்ப் பெயர், கடன் சீட்டில் இருக்கும் சொற்கள் என்று தொடங்கினால் அதே எழுத்துகள்தான், ஆனால் உட்கார்ந்திருக்க ஒரு காரணம் கிடைக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் அப்போது சைக்கிளில் ஏறினார்கள். அன்றாட வாழ்க்கையில் உடனே உதவுகிற ஒன்றோடு எழுத்தைக் கட்டிவிட்டதுதான் அந்த இயக்கத்திலிருந்து இன்றைய மையங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது. இன்று அந்தச் சைக்கிளின் இடத்தில் செல்போன் இருக்கிறது.

நேரமும் முக்கியம். மல்லிகை போட்டிருக்கிற ஊர்களில் விடிவதற்கு முன்பே பூப்பறிக்கப் போய்விடுவார்கள். ராத்திரி ஏழு மணிக்கு மேல் கண் சொக்கும். அங்கே ஏழு மணி வகுப்பு நடக்காது, நாலு மணி வகுப்பு நடக்கும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிற ஊரில் கணக்கு வேறு. அறுவடை வாரத்தில் யாரும் வரமாட்டார்கள், வரச்சொல்லவும் கூடாது. நேரத்தை அலுவலகம் தீர்மானிக்காமல் கற்கிறவர்களே தீர்மானித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். தேர்வு என்ற பேச்சை முதல் நாளே எடுக்காமல் இருப்பதும் நல்லது. இரண்டு மாதம் கழித்துத் தன் பெயரை எழுதிப் பழகியவரிடம் சொன்னால் பயப்பட மாட்டார்.

சரி, எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு? எட்டாவது, பத்தாவது வரை படித்தவர்கள், ஓய்வுபெற்ற மில் தொழிலாளி, ரயில்வே காலனிக்காரர், ஆசிரியையாக இருந்தவர், இவர்களுக்கெல்லாம் தெரு செல்போன் வகுப்பைத்தான் முதலில் வைப்பேன். செல்போன் பெரிய படிப்பு என்பதால் இல்லை. எல்லார் கையிலும் அது ஏற்கெனவே இருக்கிறது, எல்லாரும் அதில் எங்கேயாவது தடுமாறுகிறார்கள், ஆகவே வருவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

'அதுதான் வீட்டிலேயே பேரன் சொல்லித் தருவானே' என்று கேட்கலாம். பேரன் சொல்லித் தருவதில்லை, செய்து தருகிறான். 'குடு பாட்டி, நான் பண்றேன்' என்று வாங்கி இரண்டு நொடியில் முடித்துக் கையில் கொடுத்துவிடுவான். பாட்டிக்கு வேலை முடிந்தது, கற்றது ஒன்றுமில்லை. அடுத்த தடவை கேட்கத் தயங்குவார். அதே பாட்டி தன் வயதுக்காரர் ஆறேழு பேரோடு உட்கார்ந்தால், பக்கத்து வீட்டுக்காரருக்கும் இது தெரியவில்லை என்பது முதல் ஆறுதல். தான் கண்டுபிடித்ததை அவருக்குக் காட்டுவது அடுத்த சந்தோஷம்.

என்ன சொல்லிக்கொடுப்பது? முதல் நாள் எழுத்தைப் பெரிதாக்குவது. அது ஒன்றே போதும், பலருக்குப் போன் புதிதாக வாங்கியதுபோல் ஆகிவிடும். அப்புறம் வீடியோ அழைப்பு, பேசினால் எழுதிக்கொள்ளும் தமிழ்த் தட்டச்சு, கேஸ் பதிவு, வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியை வாசிப்பது. ஒரு நாளைக்கு ஒன்றுதான். அவரவர் போனில் அவரவர் விரலால் செய்ய வேண்டும். படிகளை ஒரு நோட்டில் அவரவர் கையெழுத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டுக்குப் போய் மறந்தால் நோட்டு இருக்கிறது, பிள்ளைகளிடம் கேட்க வேண்டியதில்லை.

மோசடிக்கு ஒரு முழு நாள் ஒதுக்கியே ஆக வேண்டும். 'போலீஸ் பேசுகிறோம், உங்களை டிஜிட்டல் முறையில் கைது செய்திருக்கிறோம், வீடியோவை அணைக்கக் கூடாது' என்று மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். படித்த, பணியில் இருந்த பெரியவர்களே இதில் சிக்குகிறார்கள். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. ஓடிபியை எந்த வங்கியும் கேட்காது. பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்த வாய்ப்பு உண்டு. இந்தத் தகவலைப் பத்திரிகையில் படிப்பதும், பயந்த குரலில் ஒருவர் நடித்துக் காட்ட இன்னொருவர் போனை வைத்துப் பழகுவதும் ஒன்றல்ல. நடித்துப் பழகியவருக்கு உண்மையான அழைப்பு வரும்போது கை நடுங்கினாலும் போனை வைக்கத் தெரியும். ஒரு தெருவில் ஒரே ஒரு பெரியவரின் சேமிப்பு இதனால் தப்பினாலும் அந்த வகுப்பு நடந்ததற்கு வேறு நியாயம் வேண்டாம்.

இந்த வழியின் பலவீனம், இதை நடத்த யாரும் கடமைப்பட்டிருக்கவில்லை என்பது. தெருவில் ஒரு கல்லூரி மாணவி ஆர்வமாகத் தொடங்குவார். அவருக்குப் பரீட்சை வந்ததும் வகுப்பு நின்றுவிடும். அதனால் தொடங்கும்போதே இரண்டு பேராவது பொறுப்பில் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெரியவராகவே இருந்தால் இன்னும் நல்லது. 1973-ல் பிரான்சின் துலூஸ் நகரில் முதியோருக்கான 'மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்' தொடங்கியது. 1980-களில் அது பிரிட்டனுக்குப் போனபோது, உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிற முறையாக மாறியது. தேர்வில்லை, பட்டமில்லை; தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்கிறார். நம் தெருவுக்கு இது நன்றாகவே பொருந்தும். வங்கியில் இருந்தவர் வைப்புநிதி வட்டியையும் வாரிசு நியமனத்தையும் விளக்கலாம். நர்ஸாக இருந்த அக்கா சர்க்கரை அளவு பார்க்கக் கற்றுத் தரலாம். கூழ்வற்றல் பக்குவம் தெரிந்த ஆச்சி அதைச் சொல்லலாம், மாணவி குறித்துக்கொள்ளலாம். வாங்குகிறவராக மட்டும் உட்கார வைத்தால் பெரியவர்களுக்குச் சங்கடம். கொடுக்கவும் ஏதோ இருக்கிறது என்றால் நிமிர்ந்து வருவார்கள்.

கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்டது. இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேல் பரப்பு, லிஃப்ட், குளிர்சாதனம், அனுமதி இலவசம். தென்மாவட்டத்துக்கே அது பெருமை. பேரப்பிள்ளைகளைக் குழந்தைகள் பகுதிக்கு அழைத்துப் போகும் தாத்தா பாட்டிக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் 'படிக்கப் போகலாம்' என்று தனியாக அனுப்புவதற்கு முதல் இடமாக நான் அதைச் சொல்லமாட்டேன். திருமங்கலத்திலிருந்தோ மேலூரிலிருந்தோ வருகிறவருக்கு இரண்டு பஸ். பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து கட்டணமில்லை, அது பெரிய உதவிதான். ஆனாலும் பஸ் படி உயரம் குறையவில்லை. அவ்வளவு பெரிய கட்டடத்தில் எந்தத் தளத்துக்குப் போவது, யாரிடம் கேட்பது என்ற தயக்கமும் சேரும். தெருக் குழுவாகச் சேர்ந்து மாதம் ஒருமுறை ஒரு வேன் பிடித்துப் போனால் அந்தத் தயக்கம் தெரியாது. ஒரு தடவை கூட்டமாகப் போய் இடம் பழகியவர், அடுத்த மாதம் தன் தோழியை அழைத்துக்கொண்டு தானாகவே போவார்.

அன்றாடத்துக்கு சிம்மக்கல் மாவட்ட மைய நூலகமும் பகுதிக் கிளை நூலகங்களும் இருக்கின்றன. ஒன்று மட்டும் வருத்தமாக இருக்கிறது. காலையில் கிளை நூலகத்துப் பத்திரிகை மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வீட்டில் வாரப் பத்திரிகைகளை விடாமல் படிக்கிற பெண்கள் ஏராளம், நூலகத்தில் அவர்களைக் காணோம். வாசகர் வட்டங்கள் பிற்பகலில் ஒரு மணி நேரத்தைப் பெண்களுக்கென்று வைத்து, பெயர் சொல்லி அழைத்தால் இது மாறும்.

கோயில் பக்கம் பார்த்தால், மீனாட்சியம்மன் கோயில் ஆடி வீதியில் சொற்பொழிவு கேட்கிற வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. பாண்டித்துரைத் தேவர் 1901-ல் நிறுவிய தமிழ்ச் சங்கமும், தல்லாகுளம் பக்கம் உலகத் தமிழ்ச் சங்கமும் தமிழில் பற்றுள்ளவர்களுக்கு உண்டு. யாரும் தள்ள வேண்டியதில்லை, பெரியவர்கள் தாங்களாகவே போகிற இடங்கள் இவை. ஆனால் கேட்பதும் கற்பதும் வேறு. அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லாஸ் வளாகத்தில் டெனிஸ் பார்க் குழுவினர் 60 முதல் 90 வயதுக்காரர்களை மூன்று மாதம் கவனித்து, முடிவை 2014-ல் வெளியிட்டார்கள். டிஜிட்டல் புகைப்படக் கலையையும் ஒட்டுத் துணித் தையலையும் புதிதாகக் கற்றவர்களுக்கு நினைவாற்றல் மேம்பட்டது. கூடிப் பேசிப் பொழுதுபோக்கியவர்களுக்கு அந்த அளவு மேம்படவில்லை. கொஞ்சம் கஷ்டப்பட்டுப் புதிதாக ஒன்றைப் பழகுவதில்தான் விஷயம் இருக்கிறது. அதனால் உபந்நியாசம் கேட்கிறவரை, பண்ணோடு தேவாரம் பாடக் கற்றுத்தரும் வகுப்புக்கு நகர்த்தலாம். பாடல் மனப்பாடம், தாளம், மூச்சு எல்லாம் அதில் சேர்ந்து வரும். தேவாலயப் பாடகர் குழுவுக்கும் பள்ளிவாசல் ஓதல் வகுப்புக்கும் இதையே சொல்வேன். ஏற்கெனவே போகிற இடம், தெரிந்த முகங்கள் என்பதால் தயக்கம் குறைவு.

நிலம் வைத்திருக்கிறவருக்கு வகுப்பு என்ற பேச்சே ஒத்துவராது, பயிற்சி என்றால் வருவார். யானைமலை அடிவாரத்தில் 1965 முதல் இருக்கும் வேளாண்மைக் கல்லூரியில் வேளாண் அறிவியல் நிலையமும் இயங்குகிறது. ஓரிரு நாள் பயிற்சிகள், கையோடு செய்து பார்க்கிற வேலை. பல தொழிற்பயிற்சித் திட்டங்கள் இளையவர்களுக்கென்றே வயது வரம்பு வைத்திருக்கும்போது, விவசாயப் பயிற்சியில் வயதைவிட அனுபவத்துக்கு மதிப்பு அதிகம்.

பட்டப்படிப்பு ஒரு சிலருக்குத்தான். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு மதுரையில் மண்டல மையம் இருக்கிறது, மேல் வயது வரம்பு இல்லை. குடும்பச் சூழ்நிலையால் படிப்பை விட்டவர், 'நான் ஒரு டிகிரி முடிக்கணும்' என்று அவர் வாயாலேயே சொன்னால் முழு மனதோடு துணை நில்லுங்கள். பிள்ளைகளின் ஆசைக்காகச் சேர்க்க வேண்டாம். தனியாக உட்கார்ந்து படிப்பதும், ஒப்படைப்பு எழுதுவதும், தேர்வு மையத்துக்கு அலைவதும் உள்ளிருந்து ஆசை இல்லாமல் நடக்காது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், யார் அழைக்கிறார்கள் என்பதில்தான் பாதி இருக்கிறது. மகன் சொன்னால் 'என்னைய வீட்ட விட்டுத் தள்ளப் பாக்குறான்' என்று படலாம். சுவரொட்டி பார்த்து வருகிறவர்கள் குறைவு. பக்கத்து வீட்டுப் பெண் வந்து, "அத்தை, எனக்கும் இந்தப் போன்ல ஒண்ணும் பிடிபடல, துணைக்கு வாங்களேன்" என்றால் அத்தை கிளம்பிவிடுவார். ஆண்களைப் பிடிக்க ரேஸ் கோர்ஸ் காலை நடைக் குழுவும் ஓய்வூதியர் சங்கமும் நல்ல இடங்கள். கிராமத்தில் மகளிர் குழுக் கூட்டம். புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுக்களில் சேர்ந்து வரவு செலவு பேசிப் பழகித்தான் பெரிய தலைவியாகி, 2019-ல் பத்மஸ்ரீ பெற்றார். குழுவே அவருக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது.

கேரளத்தில் கார்த்தியாயினி அம்மா 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100-க்கு 98 வாங்கியதை ஊக்கத்துக்காகப் பலரும் சொல்கிறார்கள். அவரை நினைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால் தயங்கி நிற்கும் ஒருவரிடம் முதல் நாளே அதைச் சொன்னால், 'அவங்க எங்க, நான் எங்க' என்று பின்வாங்குகிறார். எதிர் வீட்டுச் சரஸ்வதி போன வாரம் துபாயில் இருக்கிற மகனுக்குத் தானே வீடியோ போட்டுப் பேசினார் என்று சொல்லுங்கள், அது வேலை செய்யும்.

தெரு வகுப்பைத் தொடங்குவதாக இருந்தால் செப்டம்பர் முதல் வாரம் வசதி. சித்திரைத் திருவிழா சமயத்தில் தொடங்கினால் யாரும் வரமாட்டார்கள். தீபாவளிக்கு முந்தைய பதினைந்து நாளும் அப்படித்தான். செப்டம்பரில் தொடங்கினால் மத்திய அரசு ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்கும் நவம்பருக்குள், ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டி வீட்டிலிருந்தே பதிவுசெய்யப் பழகிவிடலாம். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம் என்பதால் அவர்களை முதல் வரிசையில் உட்கார வையுங்கள். ஆறு நாற்காலி, ஒரு சார்ஜர் வயர், நடுவில் ஒரு தடவை டீ. இதற்கு மேல் செலவு இல்லை.